மூட்டை மாற்றலாம், இழந்த பள்ளி ஆண்டுகளை?



மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் தாத்தா பாட்டிகளே. அறுபதைக் கடந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தாங்கி எழுகின்றவர்கள். ஆனால், இருபது வயதை ஒட்டிய இளையோருக்கும் இச்சிகிச்சை செய்யப்படுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. நாளை அச்சிகிச்சை தேவைப்படப் போகும் பிள்ளை இன்று நம் வகுப்பறையில், நம் கண்முன்னே அமர்ந்திருக்கலாம் என்பதும் தெரிவதில்லை. பிறவியிலேயே எலும்பு வளர்ச்சியில் மரபுக் கோளாறு உடைய பிள்ளைகளைப் பற்றிய பதிவு இது. சற்று நீளமானதுதான். பொறுமையுடன் படித்துவிட்டு, உங்கள் பள்ளி ஆசிரியர் அறையிலும் இதைப் பற்றிப் பேச வேண்டுகிறேன்.

மலையும் நடையும்

கேமரன் மலையில் வாழ்க்கை என்பதே நடைதான். 1929-இல் போ தேயிலைத் தோட்டம் இங்குத் தொடங்கப்பட்ட நாள்முதல், நம் முன்னோர் கூடையைச் சுமந்துகொண்டு இச்சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள். இன்று தேயிலை மலைகளில் வேலை செய்வோருள் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. எனினும் தோட்டத்து வீடுகளில் இன்றும் நம் குடும்பங்கள் சில இருக்கின்றன, தமிழ்ப்பள்ளிகளும் இருக்கின்றன. வீட்டிலிருந்து சாலைக்கு வரப் படிக்கட்டு. சாலையிலிருந்து பள்ளிக்கு ஏற்றம். பள்ளிக்குள்ளும் மேடு பள்ளம்.

“மலைப் பிள்ளைகளுக்குக் கால் வலு அதிகம்” என்று கீழே சமவெளியிலிருந்து வருவோர் சொல்வதுண்டு. பெரும்பாலும் உண்மைதான். ஆகவேதான், நடக்க இயலாமல் பின்தங்கும் பிள்ளை இங்கு உடனே கண்ணில் படுகிறது. அவ்வாறு பின்தங்கும் பிள்ளைக்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘நோயாளி’ அன்று, ‘சோம்பேறி’.

அந்த மாணவி

2011-ஆம் ஆண்டில் நான்காம் ஆண்டு வகுப்பில் எனக்கு ஒரு மாணவி இருந்தாள். பெயரைத் தவிர்க்கிறேன். கணிதத்தில் கெட்டிக்காரி. வாய்ப்பாட்டைக் கேட்டால் கேட்டு முடிக்கும் முன்னே விடை வரும். ஆனால், எழுதச் சொன்னால் மட்டும் எல்லாருக்கும் பின்னால் முடிப்பாள். விரல் கணுக்கள் தடித்திருந்தன. பென்சிலை இறுகப் பிடிக்க அவளால் இயலவில்லை. நடக்கும்போது உடல் இரு பக்கமும் அசைந்து அசைந்து போகும். சபை கூடலில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் எழுவதற்குத் தோழி ஒருத்தி கை கொடுக்க வேண்டும்.

அவள் அம்மாவை அழைத்துப் பேசினேன். “டீச்சர், இவ வேணும்னே மெதுவா நடக்கிறா. வீட்டுலயும் இப்படித்தான். நாலு அடி போட்டாத்தான் சரிப்படுவா,” என்றார் அவர். உடன் வந்திருந்த பாட்டியோ, “அதெல்லாம் இல்ல டீச்சர், மலைக்குளிரு. வாதம் புடிச்சிருக்கு. தைலம் போட்டு நீவி விடுறோம், போயிடும்,” என்றார். தாயும் பாட்டியும் அன்பில்லாதவர்கள் அல்லர். தங்களுக்குத் தெரிந்த காரணத்தைச் சொன்னார்கள். அவ்வளவே.

அவள் பள்ளியில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைச் சில மாதங்கள் கழித்தே அவள் தோழி எங்களிடம் சொன்னாள். காரணம், பள்ளிக் கழிப்பறை குந்தி அமரும் வகையைச் சார்ந்தது. குந்தினால் எழ முடியாது, யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிட வெட்கம். பத்து வயதுப் பிள்ளை தனக்குத் தானே கண்டுபிடித்துக்கொண்ட தீர்வு அது. அந்த ஆண்டே பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உதவியோடு ஒரு கழிப்பறையில் நாற்காலி வகை இருக்கையையும் சுவரில் ஒரு கைப்பிடியையும் பொருத்தினோம்.

மருத்துவமனைக்கும் அழைத்துச் சென்றார்கள். சமவெளியில் ஒரு மருத்துவமனையில் சிறார் முடக்குவாதம் என்று சொல்லி, ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரைகளைக் கொடுத்தனர். முகம் உப்பியது, மூட்டு மட்டும் மாறவில்லை. அவளுக்குப் பதினைந்து வயதானபோதுதான், வேறொரு மருத்துவர் அவளுடைய முதுகெலும்பின் எக்ஸ்ரே படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, “இது முடக்குவாதம் அன்று, மரபுவழி வந்த எலும்புக் கோளாறு” என்று சொல்லிக் கோலாலம்பூருக்கு மரபியல் மருத்துவரிடம் அனுப்பினார்.

முடக்குவாதம் போன்ற ஒன்று

அவளுக்கு இருந்த கோளாற்றுக்குச் ‘சூடோருமட்டாய்டு டிஸ்ப்ளேசியா’ என்று பெயர். ‘போலி முடக்குவாதம்’ என்று தமிழில் சொல்லலாம். பெயரிலேயே ‘போலி’ என்னும் சொல் இருப்பதிலிருந்தே தெரியும், இது எத்தனை மருத்துவர்களை ஏமாற்றியிருக்கும் என்று! உலகெங்கும் இந்நோயுள்ள பிள்ளைகள் முதலில் முடக்குவாத நோயாளிகளாகவே கருதப்பட்டு மருந்து உண்கிறார்கள்.

வேறுபாடு என்ன? முடக்குவாதத்தில் மூட்டு அழற்சியால் வீங்கும். தொட்டால் சூடாக இருக்கும். அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவுகளும் பெரும்பாலும் கூடியிருக்கும். இந்நோயிலோ கணுக்கள் தடித்திருக்கும். ஆனால் அது எலும்பின் தடிப்பு. சூடு இராது. இரத்தப் பரிசோதனை இயல்பாக இருக்கும். முதுகெலும்பின் கட்டைகள் எக்ஸ்ரே படத்தில் தட்டையாகத் தெரியும். பெரும்பாலும் மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் தொடங்கும். அதாவது, பாலர் பள்ளியிலும் தொடக்கப்பள்ளியின் முதல் ஆண்டுகளிலும். பெற்றோருக்கு அடுத்தபடியாக இதைக் காணும் வாய்ப்பு நமக்கே உண்டு.

இந்நோய்க்குக் காரணமான மரபணு 1999-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. மூட்டின் முனையில் வழுவழுப்பாக இருக்கும் குருத்தெலும்பைக் காக்க அம்மரபணு தேவை. அது பழுதானால் குருத்தெலும்பு இளமையிலேயே தேய்கிறது. எழுபது வயதில் வர வேண்டிய தேய்மானம் பதினேழு வயதில் வந்துவிடுகிறது. அறிவுத்திறனுக்கு எக்குறையும் இல்லை. இந்த ஒரு வரியை ஆசிரியர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உலக அளவில் இது அரிய நோய். ஆனால், மருத்துவ இதழ்களில் இந்நோய் பற்றி வந்த ஆய்வுகளில் இந்தியக் குடும்பங்கள் கணிசமாக இடம்பெறுகின்றன. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள், தங்களிடம் வந்த இந்நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2016-இல் கட்டுரை வெளியிட்டனர். நம் மக்களிடையே இல்லாத நோய் என்று எண்ணிவிட வேண்டா. இதைப் போன்று எலும்பு முனைகளைப் பாதிக்கும் மரபுக் கோளாறுகள் வேறு பலவும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் பிள்ளை குள்ளமாக இருக்கும். சிலவற்றில் உயரம் இயல்பாக இருந்து இடுப்பு மட்டும் தேயும்.

ஹந்திகோடு கற்பிக்கும் பாடம்

காரணம் தெரியாத நோய்க்கு மனிதர் என்னென்ன காரணம் கற்பிப்பர் என்பதற்குக் கர்நாடக மாநிலத்தில் ஓர் ஊர் சான்றாக உள்ளது. சிவமொக்கா மாவட்டத்தில் சாகர் என்னும் நகருக்கு அருகிலுள்ள ஹந்திகோடு. மழையும் மலையும் நிறைந்த மல்நாடு பகுதி அது. 1970-களின் நடுவில், அங்கு வயல்களில் கூலி வேலை செய்த தலித் மக்களிடையே இடுப்பும் முழங்காலும் வலித்து, நடை தளர்ந்து, இளம் வயதிலேயே தடியூன்றி நடப்போர் பலர் இருப்பது வெளியுலகுக்குத் தெரியவந்தது. ஊரின் பெயராலேயே ‘ஹந்திகோடு நோய்’ என்று அழைக்கப்படலாயிற்று.

தொடக்கத்தில், பூச்சிமருந்து தெளித்த வயலில் பிடித்த நண்டைத் தின்றதால் வந்தது என்னும் கருத்து எழுந்தது. ஏழைகள் வயல் நண்டைத் தின்பவர்கள். ஆகவே அது பொருத்தமாகவும் தோன்றியது. பின்னர் ஆய்வாளர்கள் குடும்பக் கொடிவழிகளை வரைந்தும் எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டும் பார்த்து, இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் எலும்பு வளர்ச்சிக் கோளாறு என்று காட்டினர். நண்டின்மேல் பழி இல்லை என்றாயிற்று.

நம் தோட்டத்தில் குளிரின்மேல் பழி. சில வீடுகளில் தாயின்மேல் பழி. “மாசமா இருக்கும்போது இதைத் தின்னா, அதைத் தின்னா” என்பார்கள். ஹந்திகோட்டு மக்களும் நம் தோட்டத்து மக்களும் ஒரு வகையில் ஒத்தவர்கள். உடலுழைப்பு ஒன்றே மூலதனமாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்கு மூட்டு போனால் சோறு போயிற்று. ஆதலால், இத்தகைய கோளாறுள்ள பிள்ளைக்குக் கல்வி என்பது மற்றப் பிள்ளைகளைவிடப் பன்மடங்கு தேவை. அப்பிள்ளை சரிவில் ஏறிக் கொழுந்து பறித்துப் பிழைக்க முடியாது; அமர்ந்து செய்யும் வேலைதான் அதற்குரியது. அவ்வேலைக்குச் சான்றிதழ் வேண்டும்.

அறுவைச் சிகிச்சை: ஏன் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

இக்கோளாறுகளை வேரோடு தீர்க்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால், தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்த முடியும்.

இன்று நாம் காணும் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் ஜான் சார்ன்லி என்னும் ஆங்கிலேய மருத்துவர். இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றியவர். தொடை எலும்பின் பந்துக்குப் பதிலாக எஃகுப் பந்து. இடுப்பின் கிண்ணத்துக்குப் பதிலாக வழுக்கும் தன்மையுள்ள நெகிழிக் கிண்ணம். இதுவே அவர் முறை. முதலில் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணம் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து தோல்வியுற்றது. பிறகு, நெசவுத் தறிகளின் பற்சக்கரத்துக்குப் பயன்பட்ட பாலிஎத்திலீன் என்னும் வேறொரு நெகிழி அவர் கைக்கு வந்தது. 1962 நவம்பரில் அதைக் கொண்டு செய்த சிகிச்சை வெற்றி பெற்றது. தறிக்கு வந்த பொருள் மனிதனின் இடுப்புக்கு உதவியது!

அப்படியானால் பன்னிரண்டு வயதிலேயே மாற்றிவிடலாமே என்று பெற்றோர் கேட்பர். அவள் தந்தையும் கேட்டார். மருத்துவர் எங்களுக்கு விளக்கியதை இங்குச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது, எலும்பு வளர்ந்து முடிந்திருக்க வேண்டும். வளரும் எலும்பில் வளராத உலோகத்தைப் பொருத்துவது சிக்கல்.

இரண்டாவது, செயற்கை மூட்டும் தேயும். 2019-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடும் முழங்கால் மூட்டுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடும் 25 ஆண்டுகள் நிலைப்பதாக மதிப்பிட்டது. அவையும் பெரும்பாலும் முதியோருக்குப் பொருத்தப்பட்டவை. எழுபது வயதானவருக்கு 25 ஆண்டு என்பது வாழ்நாளுக்குப் போதும். இருபது வயதுப் பெண்ணுக்கு நாற்பத்தைந்தில் மீண்டும் ஓர் அறுவை. அதற்குப் பிறகும் ஒன்று தேவைப்படலாம். ஒவ்வொரு முறையும் எலும்பு குறையும், சிகிச்சை கடினமாகும்.

மூன்றாவது, இவர்களின் எலும்பு இயல்பான வடிவில் இராது. கிண்ணம் ஆழமற்றிருக்கலாம், தொடை எலும்பின் உட்குழல் குறுகியிருக்கலாம். சிறிய அளவிலோ தனியாகச் செய்தோ மூட்டைத் தருவிக்க வேண்டி வரும். சிலருக்குக் கழுத்தெலும்பும் பாதிக்கப்பட்டிருப்பதால் மயக்க மருந்து கொடுப்பதிலும் தனிக் கவனம் தேவை.

இவையெல்லாம் காத்திருப்பதற்கான காரணங்கள். ஆனால், எல்லையின்றிக் காத்திருப்பதும் தவறு. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிப்போனால், தசை மெலிந்துபோனால், பிறகு மாற்றினாலும் முழுப்பயன் கிட்டாது. இப்போது தேய்மானம் குறைந்த நெகிழியும் பீங்கான் வகை மூட்டுகளும் வந்துவிட்டமையால், வலி தாங்க முடியாமல் நடை முடங்கும் நிலையில் இருபதுகளிலும், சிலருக்கு அதற்கு முன்னரும்கூட மருத்துவர்கள் மாற்றுகிறார்கள். “வயது எண்ணிக்கையைப் பார்க்கவில்லை, அவள் வாழ்க்கை நின்றுவிட்டதா என்பதைப் பார்க்கிறேன்” என்றார் அவளைப் பார்த்த மருத்துவர். என்னால் மறக்க முடியாத சொல் அது.

அவளுக்கு 2020-இலேயே செய்வதாக இருந்தது. கோவிட் பெருந்தொற்றால் தள்ளிப்போனது. 2022-இல், இருபத்தொரு வயதில், இடப்பக்க இடுப்பு மூட்டையும் மறு ஆண்டில் வலப்பக்கத்தையும் மாற்றினார்கள். மூட்டுக்கான செலவில் ஒரு பகுதியைச் சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி ஏற்றது. மருத்துவமனையிலுள்ள சமூகநல அதிகாரி வழியாக அதற்கு விண்ணப்பித்தோம். எஞ்சியதைக் கோவில் நிருவாகத்தினரும் முன்னாள் மாணவர்களும் திரட்டிக் கொடுத்தனர்.

இப்போது அவள் துணையின்றி நடக்கிறாள். வலி மாத்திரையை நிறுத்திவிட்டாள். ஆயினும் சில கட்டுப்பாடுகள் உண்டு. குந்தக் கூடாது, தரையில் சம்மணமிடக் கூடாது, குதிக்கக் கூடாது. கோவிலில் எல்லாரும் தரையில் அமர்ந்திருக்க, இவள் மட்டும் நாற்காலியில் அமர்வதைப் பார்த்து, “சின்னப் புள்ளைக்கு நாற்காலியா?” என்று கேட்போர் இன்னும் இருக்கிறார்கள்.

பெண்ணுக்கு யார் வருவார்?

அறுவைக்குச் சம்மதம் கொடுக்க அவள் தந்தை ஓராண்டுக்கு மேல் தயங்கினார். பணத்தால் அன்று. “டீச்சர், இடுப்புல இரும்பு வெச்ச பொண்ணுன்னு தெரிஞ்சா யாரு கட்டுவா? புள்ள பெக்க முடியுமா?” என்று கேட்டார். இதனை நான் மருத்துவரிடமே கேட்கச் செய்தேன். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பெண்கள் நலமாகப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள் என்று அவர் நேரில் சொன்ன பிறகே தந்தை கையொப்பமிட்டார். இத்தகைய ஐயங்களை நாமே கூச்சப்பட்டு மறைக்காமல் உரியவரிடம் கேட்டுத் தெளிவது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கசப்பானதாயினும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் பெற்றோர் சொந்த அத்தை மகன், மாமன் மகள். நம்மிடையே உறவுமுறைத் திருமணம் நெடுங்கால வழக்கம். நம் நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமும் தடுக்கப்பட்ட உறவுமுறைகளைப் பட்டியலிடும்போது, இந்துக்கள் தம் வழக்கப்படி தாய்மாமனை மணப்பதற்கு விலக்கு அளிக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது, உயிரியல் கணக்கு வேறு.

ஆசிரியர் மொழியில் சொன்னால், ஒவ்வொருவரிடமும் ஒரே பாடநூலின் இரண்டு படிகள் இருக்கின்றன. ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. ஒன்றில் ஒரு பக்கத்தில் அச்சுப்பிழை இருந்தாலும் மற்றதைப் பார்த்துச் சமாளிக்கலாம். நம் எல்லாருடைய படிகளிலும் ஏதேனும் பிழைகள் உண்டு. ஆனால், நெருங்கிய உறவினர் இருவரும் ஒரே தாத்தாவிடமிருந்து அதே பிழையுள்ள பக்கத்தைப் பெற்றிருக்க வாய்ப்பு அதிகம். இருவரிடமும் அப்பிழை இருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிழையான படிகள் இரண்டும் வந்து சேர நான்கில் ஒரு வாய்ப்பு. போலி முடக்குவாதம் இவ்வாறு வருவதே. ஹந்திகோடு நோய் போன்றவற்றில் ஒரு படியில் பிழை இருந்தாலே போதும். அங்கு இரண்டில் ஒரு வாய்ப்பு. உறவில் திருமணம் செய்யாதவர்களுக்கும் இத்தகைய பிள்ளைகள் பிறப்பதுண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

இதில் யார் குற்றம்? எவருடைய குற்றமும் அன்று. பாட்டி பல ஆண்டுகள் மருமகளைக் குறை கூறி வந்தார். கோலாலம்பூரில் மரபியல் மருத்துவர் தாளில் படம் வரைந்து, தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என்று விளக்கியபோது, தாய் அங்கேயே அழுதுவிட்டாராம். “பதினஞ்சு வருஷமா நான்தான் காரணம்னு நினைச்சேன் டீச்சர்,” என்று என்னிடம் பின்னர் சொன்னார். அவள் தம்பியையும் சோதித்துப் பார்த்தார்கள். அவனுக்கு நோய் இல்லை. பெயர் சூட்டி நோயை அறிவதனால் என்ன பயன் என்று கேட்போருக்கு இதுவே விடை. மருந்து இல்லாவிட்டாலும் பழி நீங்குகிறது; தேவையற்ற மாத்திரை நிற்கிறது; அடுத்த பிள்ளையைப் பற்றித் தெளிவு கிடைக்கிறது.

பதினொன்று ஆண்டுகள்

நான்காம் ஆண்டில் அவளை நான் பார்த்ததற்கும் முதல் அறுவைக்கும் இடையே பதினொன்று ஆண்டுகள். மருத்துவர் காத்திருக்கச் சொன்ன அந்த ஆண்டுகளில் அவள் இழந்தது மூட்டை மட்டுமன்று.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை அவள் வகுப்பைத் தரைத்தளத்திலேயே வைத்திருந்தோம். இடைநிலைப்பள்ளியில் அவள் வகுப்பு மூன்றாம் மாடியில் அமைந்தது. நான்கு படி ஏறி நின்று, நான்கு படி ஏறி நின்று, வகுப்பை அடைவதற்குள் முதல் பாடம் பாதி முடிந்திருக்கும். தாமதத்துக்குத் தண்டப்பெயர். உடற்கல்வி வேளையில் கேலி. ஓய்வு நேரத்தில் கீழே இறங்கினால் மீண்டும் ஏற வேண்டுமே என்று பசியோடு மேலேயே இருப்பாள். வகுப்பைக் கீழே மாற்றித் தரும்படி தந்தை ஒருமுறை கேட்டார்; முடியாதென்றார்கள். இரண்டாம் முறை கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. படிவம் நான்கில் பள்ளியை விட்டாள். வாய்ப்பாட்டில் முதலாக நின்றவள் எஸ்.பி.எம். தேர்வு எழுதவில்லை.

இன்று அவளுக்குப் புதிய இடுப்பு இருக்கிறது; சான்றிதழ் இல்லை. வேலைக்கு விண்ணப்பித்த இடங்களில் கேட்கப்படுவது சான்றிதழே. இப்போது தனியார் பரீட்சார்த்தியாக எஸ்.பி.எம். எழுத ஆயத்தமாகிறாள். வார இறுதியில் என் வீட்டு மேசையில் அமர்ந்து கணக்குப் போடுகிறாள். வேகம் குறையவில்லை. எனினும், பதினேழு வயதில் எளிதாக முடித்திருக்க வேண்டியதை இருபதுகளில், வீட்டு வேலைகளுக்கு நடுவே செய்கிறாள். அந்த ஆண்டுகளை எந்த மருத்துவமனையிலும் மாற்றிப் பொருத்த இயலாது.

நாம் செய்யக்கூடியவை

பெருஞ்செலவு பிடிக்கும் எதையும் நான் கேட்கவில்லை. அனுபவத்தில் பயன் தந்தவற்றை மட்டும் கூறுகிறேன்.

1. விரல் கணு தடித்த பிள்ளை, அசைந்து நடக்கும் பிள்ளை, தரையிலிருந்து எழ இயலாத பிள்ளை, காலையில் உடல் இறுகியிருப்பதாகச் சொல்லும் பிள்ளை ஆகியோரைக் கண்டால் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். அரசாங்க கிளினிக்கிலிருந்து நிபுணரிடம் செல்லப் பரிந்துரைக் கடிதம் பெறச் சொல்லுங்கள். நீங்கள் வகுப்பில் கண்டதை ஒரு தாளில் தேதியோடு எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மருத்துவர் பிள்ளையைப் பத்து நிமிடம் பார்க்கிறார். நாம் நாள்தோறும் ஐந்து மணி நேரம் பார்க்கிறோம்.

2. வகுப்பைத் தரைத்தளத்தில் வையுங்கள். ஒரு பிள்ளைக்காக வகுப்பு முழுவதையும் கீழே இறக்குவது கடினமன்று.

3. பாடநூல்கள் வீட்டில் ஒரு தொகுதி, பள்ளியில் ஒரு தொகுதி இருக்கட்டும். புத்தகப்பையின் கனம் அப்பிள்ளைக்கு இரட்டைச் சுமை. பழைய நூல்களே போதும்.

4. பென்சிலில் துணியோ ரப்பரோ சுற்றித் தடிப்பாக்குங்கள். எழுத்து வேலையைக் குறைத்து, வாய்மொழியாகவும் விடை கேளுங்கள். அரசாங்கத் தேர்வில் கூடுதல் நேரம் பெற முன்கூட்டியே விண்ணப்பிக்க வழியுண்டு; தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

5. உடற்கல்வி வேளையில் மூலையில் உட்கார வைத்துவிடாதீர்கள். இயன்முறை மருத்துவர் கற்றுத்தந்த பயிற்சிகளை அந்நேரத்தில் செய்யச் சொல்லலாம். தசை வலுவாக இருந்தால் நாளைய அறுவைக்கும் அது முதலீடு. புள்ளி குறிப்பவராகவும் நடுவராகவும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

6. கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். குந்தும் வகையாக இருந்தால் ஒன்றையாவது மாற்றுங்கள்.

7. பெற்றோரே, மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்கக் கூச்சப்படாதீர்கள். ‘நொண்டி என்று முத்திரை குத்திவிடுவார்கள்’ என்னும் அச்சத்தால் பலர் தவிர்க்கிறார்கள். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் இயற்றப்பட்டது நம் பிள்ளைகளுக்காகவே. எந்தப் பிள்ளையையும் பள்ளி புறக்கணிக்கக் கூடாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் வலியுறுத்தி வருகிறது. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முதல்முறை மறுத்தால் இரண்டாம் முறை எழுத்து வடிவில் கேளுங்கள். தனியே போகத் தயங்கினால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். வருவோம்.

8. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்போது, பிள்ளையின் நிலையை விளக்கும் கடிதத்தை மருத்துவச் சான்றோடு புதிய பள்ளிக்கு நாமே அனுப்பிவைக்க வேண்டும். எங்கள் பள்ளியில் இப்போது இதை வழக்கமாக்கியிருக்கிறோம்.

நண்பர்களே, எலும்பை அறுத்து மூட்டைப் பொருத்தும் கலை நமக்குத் தெரியாது. அதற்குக் கற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் “இன்னும் சில ஆண்டுகள் பொறுங்கள்” என்று சொல்லும் பிள்ளை, அந்த ஆண்டுகளை எங்கே கழிக்கப் போகிறது? நம் வகுப்பறையில்தான். அக்காலம் முழுவதும் அப்பிள்ளை வலியோடு இருந்தாலும் படிப்போடும் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. உங்கள் பள்ளியில் அசைந்து நடக்கும் பிள்ளை எவரேனும் இருந்தால், நாளைக் காலை அப்பிள்ளையின் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை பாருங்கள்.